கரை கிழக்கே, என் கெர்னல் காட்டியது மேற்கே

ஒன்பது வாரம் போனது. கூடவே 46,200 ரூபாயும் போனது. அதில் 11,200 கிளவுட் பில். மிச்சம் 35,000, வேலை கொடுத்தவர்கள் இரண்டாம் தவணையில் பிடித்துக்கொண்டது. பிடித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நியாயமாகத்தான் பிடித்தார்கள். கெர்னல் என்பது எண்கள் அடங்கிய ஒரு சிறு கட்டம். அதைப் படத்தின் ஒவ்வொரு பிக்சல் மேலும் வைத்துப் பெருக்கிக் கூட்டுவது கன்வல்யூஷன். வேலையை எடுக்கும் முன் அதைப் பற்றி இணையத்தில் தேடியபோது எத்தனையோ பாடங்கள் கிடைத்தன. எல்லாமே ஏதாவது ஒரு பூனைப் படத்தை மங்கலாக்கிக் காட்டிவிட்டு முடிந்துபோயின. பூனை ஒரு பிக்சல் நகர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. செயற்கைக்கோள் படத்தில் ஒரு கோட்டைத் தப்பான பக்கம் போட்டால், வெயிலில் ஒருவர் அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டு நடப்பார். நடந்தார்.

வேலை இதுதான். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் உள்ள கண்மாய்களின் கரையை சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து தானாகக் கண்டுபிடித்துக் கோடாகக் கொடுக்க வேண்டும். கரைகளைச் சீரமைப்பதற்கு முன் எங்கே எவ்வளவு நீளம் என்று ஒரு முதல் கணக்கு எடுக்க ஒரு சிறு நிறுவனம் கேட்டது. மொத்தம் 1,60,000, இரண்டு தவணை. அந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. வைகையும் அந்தப் போக்கில்தான் ஓடுகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களில் கரை கிழக்கிலும் தெற்கிலும் பிறை போல வளைந்து நிற்கும். மேற்கிலும் வடக்கிலும் கரையே கிடையாது. தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்து சேர்கிறது. ஆழம் குறைந்துகொண்டே போய், கோரையும் கருவேலமுமாக எங்கே கண்மாய் முடிந்தது எங்கே காடு தொடங்கியது என்று தெரியாமல் கலந்துவிடும். இந்த நில அமைப்பை வைத்துத்தான் என் யோசனையே.

நான் எடுத்தது படத்தின் அண்மை அகச்சிவப்பு அலைவரிசை, எட்டாம் பட்டை, 10 மீட்டர் பிக்சல். அதில் தண்ணீர் கறுப்பாகவும், மரஞ்செடி உள்ள நிலம் வெளுப்பாகவும் தெரியும். அப்படியானால் வடமேற்கில் கறுப்பும் தென்கிழக்கில் வெளுப்புமாக இருக்கும் ஓரம்தான் கரை. இதைப் பிடிக்க ஒரு 3×3 கெர்னல் போதும். இடப்பக்க மேல் மூலையில் மூன்று -1, வலப்பக்கக் கீழ் மூலையில் மூன்று 1, நடுவில் குறுக்காக 0. இந்த ஒன்பது எண்களைப் படத்தின் ஒவ்வொரு பிக்சல் மேலும் வைத்து, பெருக்கிக் கூட்டினால், கரை உள்ள இடத்தில் பெரிய கூட்டல் எண் வரும். எதிர்ப்பக்கத்து ஓரத்தில் பெரிய கழித்தல் எண் வரும். அதற்கு முன் ஒரு 31×31 காஸியன் கெர்னலால் (நடுவுக்கு அதிக எடையும் ஓரத்துக்குக் குறைந்த எடையும் தந்து சராசரி எடுப்பது) படத்தை மங்கலாக்கி மெழுகிவிடுவேன், ஏனென்றால் கண்மாய்க்குள்ளேயே திட்டுத்திட்டாகக் கருவேல மரங்கள் நிற்கின்றன, அவையெல்லாம் ஓரம் ஓரம் என்று கத்தும்.

மடிக்கணினியில் ஓப்பன்சிவி என்ற பட நிரல் நூலகத்தை வைத்து ஒரு கண்மாய்க்குச் செய்து பார்த்தேன். அழகாக வந்தது. தென்கிழக்கில் ஒரு பிறை, வேறெதுவும் இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன், முதல் தவணை வந்தது. எதிர்ப்பக்கத்துக் கழித்தல் எண்கள் எங்கே போயின என்று அன்று நான் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. படம் 16 பிட் குறியில்லா முழு எண்களில், அதாவது கழித்தல் எண்ணுக்கே இடமில்லாத வகையில் இருந்தது. விடையையும் அதே வகையில் கொடு என்று சொல்லியிருந்தேன். ஓப்பன்சிவி அப்படிப்பட்ட இடத்தில் கழித்தல் எண்ணை 0 ஆக்கிவிடும். எனக்கு வேண்டாத பாதி தானாக மறைந்தது. அது எனக்கு வசதியாக இருந்ததால், அதுதான் சரி என்று நினைத்துவிட்டேன்.

அந்த நிறுவனத்தின் கணினியில் ஓப்பன்சிவி இல்லை, சைபை என்ற இன்னொரு நூலகம் இருந்தது. சரி, ஒரு வரிதானே, மாற்றிவிடலாம் என்று மாற்றினேன். ஓடியது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. படத்தைத் திறந்தால் உப்பும் மிளகும் கொட்டியது போல இருந்தது. பாதிப் பிக்சல்களில் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம். செயற்கைக்கோள் படத்தில்தான் இரைச்சல் என்று முடிவு கட்டினேன். பனிமூட்டம், தண்ணீர் மேல் வெயில் பளபளப்பு என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டி, வேறு தேதிப் படங்களை இறக்கி, இன்னும் மெழுகி, ஒரு வாரம் முழுக்கப் போனது. காரணம் அற்பமானது. சைபையும் நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் உள்ளே போன எண் வகையிலேயே விடை தரும். ஆனால் கழித்தல் எண்ணை 0 ஆக்காது, சுற்றிவிடும். -3 என்பது 65533 ஆகிவிடும். இது ஆவணத்தில் வெளிப்படையாக இருக்கிறது, படிக்காதது என் தப்பு. கெர்னல் எதுவானாலும், படக் கோப்பைப் படித்த அடுத்த வரியிலேயே கழித்தலும் தசமமும் தாங்கும் ஃப்ளோட்32 வகையாக மாற்றிவிடுங்கள். நினைவகம் இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும்.

மாற்றிய பின் இரைச்சல் போய்விட்டது. பழைய படம் போலவே இருக்கட்டும் என்று கழித்தல் எண்களை நானே 0 ஆக்கினேன். மறுபடியும் ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரே ஒரு ஓரம். மனசு நிம்மதியானது. ஒரே ஒரு விஷயம் உறுத்தியது: கோடுகள் மெலிந்து, விட்டுவிட்டு வந்தன. முன்பு 200க்கு மேல் உள்ளதை எல்லாம் கரை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த எல்லைக்குப் பாதிக் கண்மாய்கள் கூடத் தேறவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? எல்லையை 80க்கு இறக்கினேன். கோடுகள் வந்தன. தத்தளிக்கிறவனுக்குக் கிடைத்த வாழைமட்டை மாதிரி அதைப் பிடித்துக்கொண்டேன். உண்மையில் அந்த நேரத்தில் படம் என்னிடம் உரக்கவே சொல்லிக்கொண்டிருந்தது. கரையோரம் ஆழம் அதிகம், தண்ணீர் சட்டென்று முடியும், அதனால் எண் பெரிதாக வரும். எதிர்ப்பக்கம் மெல்ல மெல்லக் கோரையாகிக் கரைவதால் எண் சிறிதாக வரும். எண் சிறிதாகிவிட்டது என்றால் நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு பக்கம் என்று அர்த்தம். ஒரு நூலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எல்லை எண்ணைத் தொட வேண்டிய அவசியமே வரக்கூடாது. வந்தால் கை வைக்காமல் நின்றுவிடுங்கள், வேறேதோ மாறியிருக்கிறது.

அப்புறம் மேகம். வடகிழக்குப் பருவமழையில்தான் இந்தக் கண்மாய்கள் நிரம்பும், அந்த மாதங்களில்தான் வானமும் மூடியிருக்கும். மேகத்தை வெட்டி எடுத்த இடங்களில் படத்தில் 0 இருக்கும். கெர்னலுக்கு அது தகவல் இல்லாத இடம் என்று தெரியாது. அதற்கு 0 என்றால் மிக மிகக் கறுத்த தண்ணீர். பக்கத்தில் 2,500 என்று நிலம் இருந்தால், அதைவிடச் சிறந்த கரை உலகத்திலேயே இல்லை என்று சொல்லிவிடும். என் முதல் பட்டியலில் மேகங்களின் கரைகள்தான் அதிகம். 0க்குப் பதில் 'இங்கே எண் இல்லை' என்று சொல்லும் வெற்று எண் (NaN) போட்டுப் பார்த்தேன். அது ஒட்டுவாரொட்டி. 31×31 கெர்னலில் ஒரு வெற்றுப் பிக்சல் தன்னைச் சுற்றி 15 பிக்சல் தூரம் எல்லாவற்றையும் வெறுமையாக்கிவிடும், அதாவது நாலா பக்கமும் 150 மீட்டர். செலவு குறையட்டும் என்று வெறும் சராசரி எடுக்கும் ஃபில்டருக்கு மாறியபோது இன்னும் மோசம். அது ஓடுகிற கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு போவதால் ஒரு வெற்று எண் வந்ததும் அந்த வரிசையின் மிச்சம் முழுவதையும் தின்றுவிட்டது.

தீர்வு பழையது, எளியது. இரண்டு படம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இல்லாத இடங்களில் 0, இருக்கும் இடங்களில் உண்மை எண். இன்னொன்றில் இருக்கும் இடத்தில் 1, இல்லாத இடத்தில் 0. இரண்டையும் ஒரே காஸியனால் மெழுகி, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், இருக்கிற பிக்சல்களின் சரியான எடைச் சராசரி கிடைக்கும். வகுக்கும் எண் பாதிக்குக் கீழே போகும் இடங்களை நான் தூக்கி எறிந்துவிடுகிறேன், பாதி என்பது என் சொந்த வழக்கம். ஆனால் இது மெழுகும் கெர்னலுக்கு மட்டும்தான். எண்களின் கூட்டுத்தொகை 0 ஆக இருக்கும் ஓரக் கெர்னலுக்கு இப்படி வகுத்தால் அர்த்தமில்லாத ஒன்றுதான் வரும். அதற்கு மேக எல்லையை ஒட்டிய பிக்சல்களை நேரடியாக விலக்கிவிடுவதே நல்லது.

பணம் போன கதைக்கு வருகிறேன். சென்டினல்-2 படம் சதுரத் துண்டுகளாக வரும், ஒரு துண்டுக்குப் பெயர் டைல். ஒரு டைல் 10,980×10,980 பிக்சல், அதாவது 12 கோடிக்குக் கொஞ்சம் மேல். 31×31 கெர்னலில் 961 எண்கள். ஒரு டைலுக்கு ஏறக்குறைய 11,600 கோடிப் பெருக்கல். மடிக்கணினி மூச்சுத் திணறியதால் பெரிய கிளவுட் கணினி ஒன்றை வாடகைக்கு எடுத்து, பல தேதிப் படங்களையும் கொடுத்துவிட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். நடுவில் நிரல் செத்துப்போயிருந்தது, கணினி சாகவில்லை, வாடகையும் சாகவில்லை. திரும்பி வந்தபோது பில் காத்துக்கொண்டிருந்தது. காஸியன் கெர்னலைக் கிடைமட்டமாக 31, செங்குத்தாக 31 என்று இரண்டு ஒற்றை வரிசைகளாகப் பிரிக்கலாம், விடை அதேதான். பிக்சலுக்கு 961க்குப் பதில் 62 பெருக்கல். பதினைந்து மடங்கு மிச்சம். இதைக் கல்லூரியில் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். சைபையில் இருக்கும் காஸியன் ஃபில்டர் அப்படித்தான் செய்கிறது. நானே கையால் 2டி கெர்னல் எழுதிப் பெருமைப்பட்டதுதான் வினை.

மடிக்கணினிக்குத் திரும்பியதும் நினைவகம் போதாமல் படத்தை 512×512 துண்டுகளாக வெட்டினேன். இரண்டாம் நாளே பெரிய கண்மாய்கள் இரண்டாக உடைந்து எண்ணப்பட்டிருந்தன. உடைந்த இடங்களை வரைபடத்தில் பார்த்தால் நூல் பிடித்தது போல 5.12 கிலோமீட்டருக்கு ஒரு முறை. துண்டின் ஓரத்தில் கெர்னலுக்குப் பக்கத்துப் பிக்சல் தெரியாது, இருப்பதையே கண்ணாடி போலத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். அதற்காக ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் பெரிதாகப் படித்து, கடைசியில் ஓரத்தை வெட்டிவிட வேண்டும் என்று தெரியும், செய்தும் இருந்தேன். ஆனால் ஓரக் கெர்னல் 3×3 என்பதால் 1 பிக்சல்தான் விட்டிருந்தேன். அதற்கு முன்னால் ஓடும் காஸியனுக்கு 15 வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது ஆரங்கள் கூடும்: 15ம் 1ம் 16. கடைசி கெர்னலின் அளவை மட்டும் பார்த்து ஏமாந்தேன்.

இவ்வளவையும் சரிசெய்து, ஏழாவது வாரம் கோப்பை அனுப்பினேன். சுத்தமான கோடுகள். உடைசல் இல்லை, மேகக் கரை இல்லை. எனக்கே பிடித்திருந்தது. நாலு நாள் கழித்து ஒரு போன். பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் களத்தில் சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். "தம்பி, நீங்க கரைன்னு குறிச்ச எடத்துல நிக்கிறேன். இங்க கரையைக் காணோம். கருவேலந்தான் நிக்குது" என்றார். போன் ஜிபிஎஸ் தப்பாக இருக்கலாம் சார் என்றேன், வாய் கூசாமல். அவர் சிரித்தார். "ஜிபிஎஸ் பத்தடி தப்பும், இருபதடி தப்பும். கரை இங்கேருந்து ஒண்ணரைக் கிலோமீட்டர் கிழக்கால இருக்கு தம்பி. நான் நிக்கிறது வரத்துக்கால் வாய். இன்னிக்கு இது ஆறாவது கண்மாய், ஆறும் இப்படித்தான்." ஆறும் என்றதும் வயிற்றைப் பிசைந்தது. ஒன்று தப்பினால் படம் தப்பு. ஆறும் ஒரே மாதிரி தப்பினால் நான் தப்பு.

விஷயம் இதுதான். ஓப்பன்சிவியில் நான் அழைத்த ஃபில்டர் கெர்னலை இருக்கிறபடியே படத்தின் மேல் வைத்துப் பெருக்கும். கணக்கில் இதற்குப் பெயர் கோரிலேஷன். சைபையில் கன்வால்வ் என்ற பெயரில் இருப்பது உண்மையான கன்வல்யூஷன். அது கெர்னலை 180 டிகிரி திருப்பிவிட்டுத்தான் பெருக்கும். காஸியன் மாதிரி எப்படித் திருப்பினாலும் ஒன்றாக இருக்கும் கெர்னலுக்கு வித்தியாசமே தெரியாது. என்னுடையது போல ஒருபக்கச் சாய்வுள்ள கெர்னலுக்குக் கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும். நிரல் எழுதும் வேலையில் 'கன்வல்யூஷன்' என்ற சொல்லை எல்லோரும் இரண்டுக்கும் போடுகிறார்கள். ஆழக் கற்றல் நூலகங்களில் அந்தப் பெயரில் இருப்பதும் திருப்பாத கோரிலேஷன்தான். பெயரை நம்ப முடியாது. முதலில் சுற்றிவிட்ட எண்களோடு சேர்ந்து இதுவும் வந்ததால், அதைச் சரிசெய்த சந்தோஷத்தில் இது ஒளிந்துகொண்டது. கழித்தல் எண்களை என் கையாலேயே 0 ஆக்கினேன் அல்லவா? அங்கேதான் உண்மையான கரைகள் எல்லாம் இருந்தன. நானே அழித்தேன்.

அன்று இரவு எழுதிய சோதனை பத்து வரி. 20×20 சிறு படம், இடப்பாதி 300, வலப்பாதி 2,500. கரை நடுவில், கிழக்கு வெளுப்பு. விடை கூட்டல் எண்ணாக வர வேண்டும், -4,400 வந்தது. முதல் நாள் இதைச் செய்திருந்தால் ஐந்து நிமிடம். இப்போது எந்தக் கெர்னல் எழுதினாலும் விடை தெரிந்த ஒரு பொய்ப் படத்தை முதலில் கொடுக்கிறேன். நடுவில் ஒரே ஒரு பிக்சலில் 1 வைத்து மிச்சமெல்லாம் 0 வைத்த படமும் நல்லது. ஆனால் அதைப் படிப்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது: கெர்னல் அப்படியே அச்சாக வந்தால் அது திருப்பும் வகை, தலைகீழாக வந்தால் திருப்பாத வகை. நான் முதலில் நேர்மாறாகப் புரிந்துகொண்டு இன்னொரு மணி நேரம் சுற்றினேன். அதனால் பாதிக் கறுப்பு பாதி வெளுப்புதான் எனக்குப் பிடித்த சோதனை. ஒரு மூலையில் 0 போட்டு மேகத்தையும், நடுவில் வெட்டித் துண்டாக்கி இணைப்பையும் அதிலேயே சோதித்துவிடலாம். இரட்டைப்படைக் கெர்னல் எழுதியிருந்தால், 4×4 மாதிரி, கோடு அரைப் பிக்சல் நகர்வதும் அதில் தெரியும். இரட்டைப்படைக்கு நடு கிடையாது. 10 மீட்டர் படத்தில் அது 5 மீட்டர்.

இன்னும் இரண்டு விஷயம், நான் அடிபடாமல் தப்பியவை. 2022 ஜனவரி 25க்குப் பிறகு பதப்படுத்தப்பட்ட சென்டினல்-2 படங்களில் எண்ணோடு 1,000 கூடுதலாகச் சேர்ந்திருக்கும், அதைக் கழித்துவிட்டுத்தான் 10,000ஆல் வகுக்க வேண்டும். கூட்டுத்தொகை 0 ஆன கெர்னலுக்கு இது உறைக்காது, எல்லாப் பிக்சலிலும் கூடியது அடிபட்டுப்போகும். அதே படத்தில் பச்சைப் பட்டையையும் எட்டாம் பட்டையையும் கழித்து வகுத்துத் தண்ணீர்க் குறியீடு எடுத்தால் பழைய படமும் புதிய படமும் ஒத்துவராது. இன்னொன்று, படத்தை அட்சரேகை தீர்க்கரேகைக்கு மாற்றிவிட்டுக் கெர்னல் ஓட்டுவது. ராமநாதபுரத்தில் ஒரு டிகிரி கிழமேலாகவும் தென்வடலாகவும் ஏறக்குறைய 110 கிலோமீட்டர்தான், பிழை கண்ணுக்கே தெரியாது. அதே நிரலை ஹிமாச்சலப் பக்கம் 32 டிகிரிக்குக் கொண்டுபோனால் கிழமேல் 94-95 ஆகிவிடும். வட்டமாக மெழுகியதாக நினைத்தது நீள்வட்டமாக மெழுகியிருக்கும். மீட்டர் கணக்கில் உள்ள படத்திலேயே கெர்னலை ஓட்டிவிட்டு, கடைசியில் மாற்றுங்கள்.

திருத்தியது ஒரு வரி. கோரிலேட் என்று பெயரை மாற்றினேன், எல்லையை மறுபடி 200க்கு ஏற்றினேன், கோடுகள் தடித்துத் திரும்பி வந்தன. அனுப்பும் முன் நானே பஸ் ஏறிப் போய் அந்தப் பொறியாளரோடு மூன்று கண்மாய்க் கரையில் நடந்தேன். பனைமர நிழலில் போனை நீட்டி, கோடும் கரையும் ஒன்றாகப் போவதைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "மடை எங்கெங்க இருக்குன்னு இதுல தெரியுமா தம்பி?" என்று கேட்டார். கரைக்குள் ஒன்றிரண்டு மீட்டர் அகலத்தில் கல்லில் கட்டிய மடை, 10 மீட்டர் பிக்சலில் எந்தக் கெர்னல் போட்டாலும் வராது என்றேன். "அப்ப அதுக்கு நாந்தான் நடக்கணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.